சிவப்பு மூடி, நீல மூடி

பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஷைஜனை நிறுத்த ஆள் கிடையாது. வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்வது எப்படி என்று அவன் போடும் வீடியோக்களில் பாதி நேரம் இதற்கே போய்விடும். கையுறை போடுங்கள், கண்ணாடி மாட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெர்ரிக் குளோரைடு பொடியைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும், அலுமினியப் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வேலை செய்யும் மேஜையில் எதையும் தின்னாதீர்கள், குடிக்காதீர்கள். இவ்வளவும் முடிந்து அவன் போர்டைக் கையில் எடுப்பதற்குள், பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறெங்காவது பாட்டுக் கேட்கப் போயிருப்பார்கள்.

இரிஞ்ஞாலக்குடையில் மைக் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் போர்டு செய்வான். செம்பு ஒட்டிய அட்டையில், லேசர் பிரிண்டில் எடுத்த கோடுகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பதிக்க வேண்டும். பிறகு பெர்ரிக் கரைசலில் ஊறப்போட்டால், கோடு மூடிய இடத்துச் செம்பு நிற்கும், மற்றதெல்லாம் கரைந்து போகும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பிரிண்டைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எடுக்க வேண்டுமா, நேராக எடுக்க வேண்டுமா என்று ஷைஜனுக்கு ஒவ்வொரு முறையும் தலை சுற்றும். இடம் வலம் மாறிப்போய் ஒன்றுக்கும் உதவாத போர்டுகள் அவன் மேஜைக்கடியில் ஒரு கூடை நிறையக் கிடந்தன. இதைப் பற்றி மட்டும் அவன் வீடியோ போட்டதில்லை.

கரைசலுக்கென்று ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. மழை தொடங்கும் முன்பே அதன் அடி விரிசல் விட்டது. புதுக் கேன் வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் மறந்து, கடைசியில் காலியான ஸ்க்வாஷ் புட்டி ஒன்றில் ஊற்றி வைத்தான். தின்கிற குடிக்கிற சாமான் வந்த புட்டியில் ரசாயனத்தை ஊற்றாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன்தான். இரண்டு நாளைக்குத்தானே என்று தனக்குத்தானே சலுகை கொடுத்துக்கொண்டான். 'விஷம்' என்று காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டவும் செய்தான். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையின் ஈரத்தில் சுவரே வியர்க்கிறது, பசை எம்மாத்திரம்? காகிதம் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. அப்போதுதான் அவனுக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. விஷத்துக்குச் சிவப்பு மூடி, தண்ணீருக்கு நீல மூடி. மூடி வழுக்கிக்கொண்டு போகாதல்லவா?

ஏனென்றால் வீட்டுக் குடிதண்ணீரும் அதே மாதிரி ஸ்க்வாஷ் புட்டியில்தான் இருந்தது. கருங்காலிப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். அவன் மனைவி ப்ரஸீதா பட்டையை அள்ளிப் போடுகிறவள். அவனோ பெர்ரிக் பொடியைக் கஞ்சத்தனமாகப் போடுகிறவன். இரண்டும் பழுப்பும் சிவப்புமாக ஒரே நிறத்தில் வந்து சந்தித்துக்கொண்டன. குடிதண்ணீருக்கு நிறம் இருக்கக்கூடாது என்று நினைக்கிற ஊர்களில் இந்தக் குழப்பமே வராது. இங்கே நிறமில்லாத தண்ணீரைக் கொடுத்தால்தான் விருந்தாளி நம்மை ஒரு மாதிரி பார்ப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்துச் சாய்ப்பு ஒழுகியதால், சமையலறையை அடுத்த வொர்க் ஏரியாவில் கடை விரித்தான்.

"இங்க வேண்டாம்னு சொன்னா கேக்கறீங்களா ஷைஜேட்டா? நான் மீன் கழுவற இடம் இது," என்றாள் ப்ரஸீதா.

"எடீ, இன்னைக்கு ஒரு நாள். நான் எவ்வளவு ஜாக்கிரதையா செய்வேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வீடியோல பார்த்திருக்கேன். வீட்லதான் பார்த்ததில்ல."

அவள் மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டாள். ஷைஜன் போனை எதிரே சாய்த்து வைத்து, வீடியோவின் முதல் துண்டை எடுத்தான். இரண்டு புட்டிகளையும் முன்னால் வைத்து, சிவப்பு என்றால் என்ன, நீலம் என்றால் என்ன என்று விளக்கினான். சிவப்பு மூடியைத் திறந்து, கரைசல் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று காட்டினான். பேசிப் பேசித் தொண்டை வறண்டது. பதிவை நிறுத்திவிட்டு, நீல மூடியைத் திறந்து நாலு வாய் குடித்தான். அந்த மேஜையில் குடிக்கக்கூடாதுதான். கேமரா ஓடாதபோது செய்வது கணக்கில் வராது என்று எல்லோரையும் போல அவனும் நினைத்தான். பிறகு இரண்டு புட்டிகளையும் மூடினான். தன் முகமும் தெரியட்டும் என்று போனை முன்பக்கக் கேமராவுக்கு மாற்றி, வாயைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் துண்டைத் தொடங்கினான்.

"அளியா!" என்று, மச்சானைக் கூப்பிடும் குரல் பின்வாசலில் கேட்டது.

ப்ரஸீதாவின் அண்ணன் சுகதன். 'ஆவணி' பஸ்ஸின் டிரைவர். இரண்டு டிரிப்புக்கு நடுவே யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு, தன் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கை, மனைவி சிந்து கட்டிக் கொடுத்த சாக்கில் கொண்டுவந்திருந்தான்.

"இந்தா, கப்பை. உன் மூஞ்சிக்கு இல்ல, என் தங்கச்சிக்கு. என்ன அளியா, கண்ணாடியெல்லாம் மாட்டிட்டு? வெல்டிங் கத்துக்கறியா?"

"பேசாம இருங்க அளியா, வீடியோ ஓடுது."

"ஓடட்டும். என்னையும் சேர்த்துக்கோ, நாலு பேர் கூடப் பார்ப்பாங்க. குடிக்கத் தண்ணி இருக்கா?"

ஷைஜன் போர்டைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், தன்னுடைய வீடியோக் குரலிலேயே சொன்னான். "நீல மூடி தண்ணி. சிவப்பு மூடியைத் தொடாதீங்க, அது விஷம்."

பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது. ஊற்றும் சத்தம் கேட்டது. சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாய்ச் சத்தம்.

"தண்ணி நல்லாருக்கு," என்றான் சுகதன். "வரேன் அளியா. லேட்டானா கொடுங்ஙல்லூர்க்காரங்க என்னை உரிச்சிடுவாங்க."

அவன் போன பிறகு ஷைஜன் சிவப்பு மூடியைத் திறந்து பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினான். போர்டை மெல்ல உள்ளே விட்டான். தட்டை ஆட்டினான்.

செம்பு கரையவில்லை. ஆட்டி ஆட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். பொடி பழசாகிவிட்டதோ என்று நினைத்தான். குளிர் அதிகமோ என்று, பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி அதற்குள் தட்டை வைத்தான். செம்பு புதுப்பெண் போலப் பளபளவென்று கிடந்தது. பிரிண்டின் கறுப்பு எல்லா இடத்திலும் படிந்துவிட்டதோ? இல்லை. போர்டில் செம்புக்கு மேல் ஏதாவது பூச்சு இருக்கிறதோ? இல்லை. நேராகப் பதிப்பதற்குப் பதில் திருப்பிப் பதித்துவிட்டேனோ என்றுகூட யோசித்தான். கரைசலுக்கு இடம் வலம் தெரியுமா என்ன? குழப்பத்தில் மனிதன் எதைத்தான் சந்தேகப்பட மாட்டான்?

கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு, செய்யவே கூடாது என்று தான் சொல்கிற காரியத்தைச் செய்தான். விரலை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தான். பெர்ரிக் பட்டால் விரல் மஞ்சளாகிவிடும், ஒரு வாரத்துக்குப் போகாது. விரல் வெறுமனே ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தான். மரப்பட்டை வாசம் வந்தது.

கருங்காலித் தண்ணீர்.

ஷைஜன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் ப்ரஸீதா தூக்கம் கலைந்து, கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள்.

"என்ன, பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"எடீ, இவ்வளவு நேரமா குடிக்கிற தண்ணியில போர்டு கரைச்சிட்டிருக்கேன்! மூடி மாறிப்போச்சு! கரையலையேன்னு சூடு வேற பண்றேன்!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல எஞ்சினியர். கொஞ்சம் உப்பும் போட்டிருந்தா போர்டு வெந்திருக்கும்." வாசலோரம் இருந்த சாக்கைப் பார்த்தாள். "ஏட்டன் வந்தானா? குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு. எழுப்பக் கூடாதா? ஒண்ணும் குடிக்கக்கூட இல்லாம போயிட்டானா?"

"தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாரு," என்றான் ஷைஜன், இன்னும் சிரித்துக்கொண்டு.

"எந்தத் தண்ணி?"

அவள் சும்மாதான் கேட்டாள். ஆனால் கேட்ட பிறகு இருவரும் நீல மூடிப் புட்டியைப் பார்த்தார்கள். அது கழுத்து வரை நிறைந்திருந்த புட்டி. இப்போது ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது.

"அதுல என்ன இருக்கு?" என்றாள் ப்ரஸீதா.

ஷைஜன் புட்டியைப் பக்கத்தில் இழுத்தான். நீல மூடியைத் திறந்தான். அவசரத்தில் விரலெல்லாம் வழிந்தது. மேஜைக்கடியிலிருந்து வீணாய்ப்போன போர்டு ஒன்றை உருவி, செம்பின் மேல் நாலு சொட்டு விட்டான். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செம்பின் பளபளப்பு செத்து, மங்கி, ரோஜா நிறமாகி, ஓரங்களில் அரிக்கத் தொடங்கியது. வேலை செய்கிறது. மிக நன்றாக வேலை செய்கிறது.

"ஒரு வாய் குடிச்சதுமே துப்பியிருப்பார்," என்றான். "இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கும். யாராலயும் முழுங்க முடியாது."

"யாராலயும் முடியாது. ஏட்டனுக்குத்தான் ருசியும் தெரியாது, வாசமும் தெரியாதே!"

அது நிஜம். கோவிட் காய்ச்சலுக்குப் பிறகு சுகதனின் நாக்கும் மூக்கும் திரும்பவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அது கேலிக்கு உதவியது. உப்புப் போட மறந்த குழம்பா, சுகதனுக்குக் கொடு. தீய்ந்துபோன மீனா, சுகதன் பாவம் கேட்கவா போகிறான்? அவனும் சேர்ந்து சிரிப்பான். ஷைஜன்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்தவன்.

டம்ளரைப் பார்த்தார்கள். கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ப்ரஸீதா அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பஸ் ஓட்டும்போது அவன் எடுக்கவே மாட்டான், அதில் அவனுக்கு ஒரு கர்வமும் உண்டு. ஷைஜன் இதற்குள் வீடியோவைப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டான். ஒருவேளை சுகதன் வந்து போன பிறகு மூடி மாறியிருந்தால்? அப்படியானால் அவன் குடித்தது நல்ல தண்ணீர். அது ஒன்றுதான் இப்போது அவனுக்கு வேண்டியிருந்தது.

முதல் துண்டில் சிவப்பு மூடிப் புட்டி அவனுடைய வலப்பக்கம் இருந்தது. சுகதன் வந்த இரண்டாம் துண்டில் இடப்பக்கம் இருந்தது. அப்படியென்றால் மூடிகள் இடம் மாறினவா, புட்டிகள் இடம் மாறினவா, இல்லை முன்பக்கக் கேமராவுக்குப் போனதால் போனே கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுகிறதா? எடுக்கும்போதுதான் திருப்பிக் காட்டும், சேமிக்கும்போது நேராக்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அது இந்தப் போனா, போன வருஷம் உடைந்த போனா? ஷைஜன் எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, திரையில் தூக்கியிருக்கும் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். இடது கையைத் தூக்கிப் பார்த்தான். திரும்பி நின்று பார்த்தான். எந்தக் கை தன்னுடைய எந்தக் கை என்று அவனுக்கே தெரியாமல் போய்விட்டது.

போனிலிருந்து அவன் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "நீல மூடி தண்ணி. சிவப்பு மூடியைத் தொடாதீங்க, அது விஷம்."

அது முடிந்ததும் சுகதனின் குரல். "தண்ணி நல்லாருக்கு."

"என் ஏட்டன் அங்க செத்திட்டிருக்கான், நீங்க இங்க டான்ஸ் ஆடறீங்களா?" ப்ரஸீதா போனைப் பிடுங்கினாள். "கிளம்புங்க!"

ஷைஜன் ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். பயம், அதற்கு மேல் வெட்கம். யாராவது கேட்டால் என்ன சொல்வது? நான்தான் சொல்லிக் குடிக்க வைத்தேன் என்றா?

பக்கத்து வீட்டு ஆன்ஸி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ப்ரஸீதா அவளைப் போனில் பிடித்தாள். ஆன்ஸி பதறவில்லை, அதட்டினாள். "வாந்தி எடுக்க வைக்காதீங்க. வர்ற வழியெல்லாம் இன்னொரு தடவை சுட்டுப் புண்ணாக்கிடும். மோர், எலுமிச்சை, முட்டை வெள்ளைன்னு உங்க இஷ்டத்துக்கு ஒண்ணும் ஊத்தாதீங்க. வாயைக் கொப்பளிக்கச் சொல்லிட்டு நேரா கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் புட்டியையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்குக் காட்டணும்."

"எந்தப் புட்டி?" என்றான் ஷைஜன்.

"ரெண்டையும் எடுங்க!"

இரண்டு புட்டிகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பக்கெட்டுக்குள் நிறுத்தி, பக்கெட்டை ஸ்கூட்டரின் முன்னால் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். மழை ஊசி ஊசியாக அடித்தது. ப்ரஸீதா பின்னால் உட்கார்ந்து போனைக் காதிலிருந்து எடுக்காமல் வந்தாள். "எடுக்க மாட்டேங்கறான். எடுக்க மாட்டேங்கறான்." வழியில் ஒரு இடத்தில் ரோட்டோரம் ஜனங்கள் கூட்டமாக நின்றதைப் பார்த்து ஷைஜன் பிரேக் பிடித்தான். பஸ் நிறைய ஜனங்களோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாயும் சுகதனை அவன் பார்த்தேவிட்டான். நெருங்கிப் போனால் அது மத்தி மீன் விற்கிற கூட்டம்.

கொடுங்ஙல்லூர் ஸ்டாண்டில் 'ஆவணி' நின்றிருந்தது. டிரைவர் சீட் காலி. கண்டக்டர் பிஜீஷ் படியில் நின்று திருச்சூர் திருச்சூர் என்று கூவிக்கொண்டிருந்தான்.

"சுகதேட்டன் எங்க?" என்று ப்ரஸீதா கத்தினாள்.

"இப்பதான் கக்கூஸ் பக்கம் ஓடினார்."

"ஓடினாரா? வயித்த வலியா?"

"மழைல இங்கருந்து ஓடாம நடந்தா போவாங்க? என்ன சேச்சி, என்ன விஷயம்?"

ஷைஜன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டே ஓடினான். அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டினான். வெளியே வந்த ஒரு பெரியவர் பக்கெட்டைப் பார்த்துவிட்டு, "உள்ள தண்ணி வருது மோனே, அதெல்லாம் எதுக்கு?" என்றார். மறுபக்கத்தில் ப்ரஸீதாவின் அழுகைக் குரல் கேட்டது. திரும்பி ஓடினான்.

டீக்கடையில், ஓரத்து பெஞ்சில் சுகதன் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கிளாஸ் டீ, பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி ஒன்று. தங்கை அவன் தாடையைப் பிடித்து, "வாயைத் திற ஏட்டா, வாயைத் திற" என்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையே வேடிக்கை பார்த்தது.

"பல் டாக்டருக்குப் படிக்கிறியாடீ நீ?" என்றான் சுகதன், வாய் திறந்தபடி.

"அளியா, எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றான் ஷைஜன். அவனுக்கு மூச்சு இரைத்தது. "எங்க வீட்ல குடிச்சீங்களே, அது தண்ணி இல்ல. மூடி மாறிப்போச்சு. அது பெர்ரிக். என் தப்புதான். வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க, நேரா கேஷுவாலிட்டி."

சுகதன் அவனைப் பார்த்தான். பக்கெட்டைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கேலி மெதுவாக இறங்கிப் போனது.

"நான் குடிக்கல," என்றான்.

"குடிச்சீங்க. வீடியோல இருக்கு. தண்ணி நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன். குடிக்கலடா."

ப்ரஸீதா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஷைஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. குடிக்காதவன் எதற்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னான்? புட்டியில் ஒரு டம்ளர் குறைந்தது எப்படி? இல்லை, ஆஸ்பத்திரிக்கு பயந்து பொய் சொல்கிறானா? "சத்தியமா?" என்றான். மறுபடியும், "சத்தியமா அளியா?" என்றான்.

சுகதன் குரலைத் தாழ்த்தினான். "ஜன்னல் வழியா வெளில ஊத்திட்டேன். அங்க இவ ஏதோ செடி வச்சிருக்கா, அது பிழைக்குமான்னு தெரியல." சற்று நேரம் பழம்பொரியின் எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டிருந்தான். "போன ஓணத்துக்கு முன்னாடி ஒரு நாள், வீட்ல கேஸ் லீக்காகிட்டிருக்கு. நான் அடுப்பு பக்கத்துல நிக்கறேன், கையில தீப்பெட்டி. எனக்கு ஒண்ணும் தெரியல. ஒண்ணும்னா ஒண்ணும். சிந்து ஓடி வந்து கையைத் தட்டி விட்டா. அன்னைக்கிலருந்து எனக்கு பயம்டா. எதையும் நம்ப முடியல. பால் கெட்டிருக்கா, மீன் ஊசியிருக்கா, டம்ளர்ல இருக்கிறது தண்ணியா மண்ணெண்ணெயா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். வேற யாராவது முதல்ல ஒரு வாய் எடுத்துக்கிட்டாதான் நான் வாயில வைப்பேன். வீட்ல சிந்து. இங்க பிஜீஷ். ஆறியிருக்கா பாருடான்னு சொல்லி அவன்கிட்ட கொடுப்பேன், அவனுக்குக்கூட விஷயம் தெரியாது."

டீ தொடப்படாமல் ஆடை கட்டிக் கிடந்தது.

"எங்ககிட்ட சொல்லக்கூடாதா ஏட்டா?" என்றாள் ப்ரஸீதா.

"சொன்னா இவன் அதையும் வீடியோ எடுப்பான்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "உங்க வீட்டுத் தண்ணிய நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? ஊத்திக்கிட்டு நின்னேன் அளியா. நீ திரும்பி ஒரு வாய் குடிப்பேன்னு பார்த்தேன். நீ திரும்பவே இல்ல. நான் உள்ள வந்தப்ப நீ வாயைத் துடைச்சிட்டிருந்த. அந்தப் புட்டியத் தூக்கிக் குடிச்சத மட்டும் நான் பார்த்திருந்தேன்னு வை, கண்ண மூடிட்டுக் குடிச்சிருப்பேன்."

ஷைஜன் நின்றுகொண்டிருந்தான். குடித்துவிட்டு, மூடிவிட்டு, போனைத் திருப்பி வைத்து, வாயைத் துடைத்தான். அதற்கு முன்னால் சுகதன் அந்த வாசல்படியில் கால் வைத்திருந்தால் போதும், அதைப் பார்த்து நம்பி விஷத்தைக் குடித்திருப்பான். கையுறையும் கண்ணாடியும் சிவப்பும் நீலமும் எதையும் தடுத்திருக்காது. அவன் சொன்ன ஒரு வார்த்தைகூட அவன் அளியனைக் காப்பாற்றவில்லை. தன் மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. இவ்வளவு நாள் தான் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது காதுக்குள் கேட்டது.

வெளியே பிஜீஷ் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக் கூப்பிட்டான். "சுகதேட்டா, டைமாச்சு!"

"டீ குடிங்க அளியா," என்றான் ஷைஜன். "நான் முதல்ல ஒரு வாய் குடிக்கறேன். நான் குடிச்சுப் பார்த்துத் தரேன்."

கிளாஸை எடுக்கக் கையை நீட்டினான். ஐந்து விரலும் நகக்கண் வரைக்கும் மஞ்சளாக இருந்தன. மழையில் அவ்வளவு தூரம் நனைந்தும் போகவில்லை.

சுகதன் அந்த விரல்களைப் பார்த்தான். கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. டீ கிளாஸை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"நீ வேண்டாம் அளியா," என்றான். "அவ குடிக்கட்டும்."

ப்ரஸீதா கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முழுங்கினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சுகதன், பிறகு அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பஸ்ஸைப் பார்த்து மழையில் ஓடினான்.